இலவசத்துக்கும் கீழே

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. யார் எந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசினாலும் உடனே காகிதமும் பென்சிலும் தேடுவார்கள். வலைத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கும் வாலிபர்கள் பலர் சொல்லும் யுக்தி இது: "அடுத்த கடைக்காரர் 20,000 ரூபாய் கேட்டால் நான் 17,500 கேட்பேன், வேலை என்னிடம் வந்துவிடும்." வரும், சந்தேகமில்லை. வந்த பிறகு என்ன ஆகும் என்பதல்லவா கேள்வி?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாயில் சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் 15,000 போனால், மிச்சம் 5,000. விலையில் 2,500 குறைத்தால் வாடிக்கைக்காரருக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு சலுகைதான். நமக்கோ லாபத்தில் சரிபாதி போய்விடுகிறது! பழைய லாபத்தையே காண இரண்டு மடங்கு தளங்கள் செய்தாக வேண்டும். சோப்பு உற்பத்தி செய்கிறவருக்கு இது சாத்தியம். இயந்திரம் கூடுதலாக ஓடினால் அடக்கவிலையும் குறையும். வலைத்தளத் தொழிலில் சரக்கு என்பதே மனிதனுடைய நேரம். அதை யார் இரட்டிப்பாக்க முடியும்?

மலிவில் ஜயிக்க நினைப்பவர் யாருடன் போட்டியிடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு விலையே கிடையாது. விக்ஸ் போன்ற கம்பெனிகள், சொந்தப் பெயர் வேண்டாம் என்பவருக்குச் சிறு தளத்தை இலவசமாகவே தருகின்றன. இலவசத்துக்கும் கீழே இறங்க யாரால் முடியும்? 2010-ல் தொடங்கிய ஃபைவர் என்னும் கம்பெனி, எந்தச் சில்லறை வேலைக்கும் 5 டாலர் என்ற திட்டத்தால் பெயர் பெற்றது. அதிலும் 20 சதவீதம் கம்பெனிக்கு. வேலை செய்தவர் கையில் 4 டாலர். அந்தக் கம்பெனியே நாளடைவில் 5 டாலர் கட்டுப்பாட்டைக் கைவிட்டுவிட்டது!

அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொண்டவர் எங்கேயாவது குறைத்துத்தானே ஆக வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பார். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பது, தளத்துக்கு மறுபிரதி எடுத்து வைப்பது, கைப்பேசியில் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் நின்றுபோகும். சில இடங்களில் தளத்தின் பெயரையே அமைப்பவர் தம் பேரில் பதிவு செய்துவிடுகிறார். ஒருநாள் அவர் கடையைக் கட்டினால், வீட்டில் பலகாரம் செய்து அந்தப் பெயரால் விற்றுவந்த அம்மாளின் கதி என்ன? முகவரியும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று!

அதற்காக ஏழை வியாபாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. பணம் குறைவாயிருந்தால் வேலையைக் குறைக்கலாம்: பத்துப் பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம். ஆனால் அந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். செய்கூலி இவ்வளவு, வருஷப் பராமரிப்பு இவ்வளவு என்று தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

வாங்குகிற நேயர்களும் விலையைக் கேட்குமுன் மூன்று கேள்விகள் கேட்கட்டும். தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாகும்? மறுபிரதி யாரிடம் இருக்கும்? அடுத்த வருஷம் பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருகிறவர் சற்று அதிகம் கேட்டாலும், தாராளமாகக் கொடுக்கலாம்.