காயாத பிறைமர்

ஆசிரியருக்கு,

1990களின் பெற்றோல் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காருக்குக் கார்த்திகை மழைக்குள் பிறைமர் அடிப்பித்தேன். ஒரு கிழமையாகியும் நகம் பதிந்தது; தேய்த்தால் சாண்ட் பேப்பரில் பசையாய் அப்பியது. விசாரித்தேன். பிறைமரை இறுகவைக்கக் கலக்கும் ஹாட்னரைக் கண்மட்டத்தில் ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் மூடாமல் கிடந்த பழைய ரின். காற்றின் ஈரம் பட்ட ஹாட்னர் வீரியம் இழந்துவிடும். பிறகு எத்தனை நாள் வெயிலில் விட்டாலும் பிறைமர் சரியாக இறுகாது. அதன்மேல் பெயின்ற் அடித்து மறைப்பது பெரும்பிழை, சுருங்கி உரியும். தகரம் தெரியச் சுரண்டித்தான் மீண்டும் தொடங்கவேண்டும்.

கராஜ் நடத்தும் தம்பிமாரே, ரின்னில் நாலுக்கு ஒன்று என்றிருந்தால் அளந்தே கலவுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடிக்காதீர்கள், தின்னர் உள்ளே அடைபடும். மழை விடட்டும் என்று சொல்லுங்கள். நாங்கள் காத்திருப்போம்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.