விமானி படிக்கும் ஒற்றை வரி

வைகறையில் சென்னையில் இறங்கவேண்டிய விமானி, புறப்படுமுன் ஒரு வரியைப் படிக்கிறார். வி, ஓ, எம், எம் என்னும் நான்கெழுத்து சென்னை நிலையத்தைக் குறிக்கும். நேரம் 2030 என்றிருந்தால், அஃது உலகப் பொதுநேரம். நமக்கு அதிகாலை 2 மணி. காற்று 00000, அதாவது அசைவே இல்லை. 9999 எனில் பார்வைத் தொலைவு 10 கிலோமீட்டருக்குக் குறையாது.

நல்ல செய்திதானே என்பீர்கள். ஆனால் அனுபவமிக்கவரின் கண் 22/21 என்னும் சிற்றெண்ணில் நிற்கும். முன்னது வெப்பநிலை, பின்னது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. இடைவெளி ஒரே பாகை! விடியுமுன் அதுவும் குறைந்தால் ஓடுபாதையை மூடுபனி மறைத்துவிடக்கூடும். வரியோ அந்நேரத்தில் கண்டதை மட்டுமே கூறும்.

எஃப், யூ என்றிருந்தால் புகை. ஆங்கிலத்தில் தேடிப் பயனில்லை, அது பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். 2018 ஜனவரியில் போகியன்று புகையும் பனியும் கலந்து சூழ்ந்தபோது, சென்னைக்கு வந்த விமானங்கள் பல வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. அவ்வாறு திரும்பிச் செல்லவேண்டிய எரிபொருளைப் புறப்படுமுன்னரே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். வானில் ஏறியபின் கேட்டுப் பெற இயலாதன்றோ?