மூன்று கோடுகளின் ரகசியம்

சிதம்பரம் கோயிலில் ரகசியம் என்று ஒன்று உண்டு. சிற்சபையில் நடராஜப் பெருமானுக்குப் பக்கத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலைகள் தெரியும், விக்கிரகம் இராது. ஆகாயமே அங்கே இறைவன். அந்த ரகசியத்தையாவது தீக்ஷிதர் திரையை விலக்கிக் காட்டிவிடுகிறார். நம் கையிலுள்ள செல்போனின் ரகசியத்தை யார் காட்டுவது? மூலையில் மூன்று சின்னக் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. நமக்கு வேண்டியதெல்லாம் அவற்றின் பின்னால்தான் ஒளிந்திருக்கிறதாம்!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற உபாத்தியாயினி. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் மார்க்குப் பட்டியலெல்லாம் தாமே தயாரித்தவர். சென்ற மாதம் அவருடைய பாங்கு 'ஆப்' ஒரே இரவில் புது வேஷம் போட்டுக் கொண்டது.

"பணம் அனுப்பற இடத்தையே காணோமடி! முன்னெல்லாம் பொத்தான்னா பொத்தான் மாதிரி இருக்கும். இப்போ எது பொத்தான், எது வெறும் எழுத்துன்னே தெரியலையே!" என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையனிடம் போனையும் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லிவிட்டார் மாமி! பையன் நல்லவன்தான். ஆனால் எல்லாப் பையன்களும் நல்லவர்களா?

மாமி சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1995 ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95-ஐ நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானும் மேல் ஓரத்தில் வெளிச்சமும் கீழ் ஓரத்தில் நிழலுமாகப் புடைத்துக் கொண்டு நிற்கும். அமுக்கினால் உள்ளே போகும். 'ஸ்டார்ட்' என்று எழுத்தால் எழுதியே வைத்திருந்தார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். உலகமெங்கும் ஒரே கூக்குரல்! மறு வருஷமே திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. அதே 2013-ல் ஆப்பிள் போன்களிலும் புடைப்பும் நிழலும் மறைந்து, எல்லாம் தட்டையாகிவிட்டன.

அந்தப் பழைய சித்திரங்களைப் பற்றி ஒரு சுவையான சங்கதி. 1984-ல் வந்த மாகின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் படங்கள் வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. தாயாரிடம் இழையை எண்ணிப் போடும் எம்பிராய்டரி கற்றவர். கட்டம் போட்ட காகிதத்தில், பக்கத்துக்கு 32 கட்டம், கறுப்பு வெள்ளை இரண்டே வர்ணம். அதற்குள் குப்பைத் தொட்டியும், சிரித்த முகத்தோடு வரவேற்கும் கம்ப்யூட்டரும் பிறந்துவிட்டன! மார்கழியில் சிதம்பரம் தேர் வீதியில் புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண்களுக்கு இந்தக் கலை புதிதல்லவே! நம் புள்ளிக் கோலத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

பழையது எல்லாமே பொன் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு தமிழ்க் கடிதம் அடித்து அனுப்பினால், எதிராளியிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத கிறுக்கல்தான் போய்ச் சேரும். இன்று யூனிகோடின் புண்ணியத்தால், கடலூரிலிருந்து அனுப்பும் தமிழ் சிகாகோவிலும் தமிழாகவே தெரிகிறது. உள்ளங்கையளவு திரையில் எல்லாவற்றையும் பரப்பி வைக்க இடமும் இல்லைதான்.

ஆனால் நம் அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போன இருட்டிலும் கை தானாகக் கடுகைத் தேடி எடுக்கிறது. இரவோடு இரவாக யாரோ வந்து கடுகு இருந்த கிண்ணத்தில் மிளகைப் போட்டுவிட்டு, "பெட்டியைப் புதுப்பித்திருக்கிறோம்" என்றால் விடுவோமா? படத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு வார்த்தை. இடம் மாற்றுவதற்கு முன் ஒரு அறிவிப்பு. இவ்வளவுதான் நாம் கேட்பது.

அதுவரை, சகோதரிகளே, போனின் 'செட்டிங்ஸ்' பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். எதை எதை அமுக்க வேண்டும் என்பதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம். பேரனோ பேத்தியோ உதவிக்கு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும். அமுக்குகிற விரல் உங்களுடையதாகவே இருக்கட்டும்!