கைப்பிடி சுத்துதா பாருங்க மக்கா!

பழைய ஃபிலிம் கேமரா வாங்கினவங்க எல்லாரும் எக்ஸ்போஷருக்குத்தான் பயப்படறாங்க. என்னைக் கேட்டா, பயப்பட வேண்டியது ஃபிலிம் மாட்டறதுக்குத்தான்.

என்கிட்ட இருக்கறது பென்டாக்ஸ் கே1000. பளிச்னு வெயில் அடிச்சா, 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப்/16, 1/125 வச்சா போதும். மீட்டர் பேட்டரி தீர்ந்தாலும் கவலையில்ல. ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடிப்போனாலும் கலர் நெகட்டிவ் தாங்கிக்கும்.

ஆனா ஃபிலிம் நுனி ஸ்பூல்ல சரியா மாட்டலைன்னா? லீவர் நகரும், ஷட்டர் 'க்ளிக்'கும், கவுன்ட்டர் 36 காட்டும். உள்ள ஒண்ணுமே பதிஞ்சிருக்காது. எங்கப்பாவோட அறுபதாம் கல்யாணம் எனக்கு அப்படித்தான் போச்சு...

அதனால மூடியை மூடினதும் ரீவைண்ட் கைப்பிடியை மெதுவா சுத்தித் தொய்வை எடுங்க. அப்புறம் லீவரைத் தள்ளறப்ப அந்தக் கைப்பிடி தானா சுத்தணும். சுத்தலைன்னா மறுபடி மாட்டுங்க. அஞ்சு செகண்ட் வேலை சாமி!