பட்டன் தேயாத டயரும் பழையதுதான்

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா விமானங்களில் வந்து இறங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருவெறும்பூர் பக்கம் போகிறார்கள். கைலாசபுரம் பெல் குடியிருப்பில் வளர்ந்து, படித்து, வேலைக்காகக் கடல் கடந்தவர்கள் அவர்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் காட்டூரிலோ திருவெறும்பூரிலோ வீடு கட்டிக் குடிபோயிருப்பார். அந்த வீட்டு ஷெட்டில் உறை போர்த்திய கார் ஒன்று நிற்கும். பிள்ளை வாங்கிக் கொடுத்தது. அப்பாவுக்கு இப்போது ஓட்டப் பிரியமில்லை. கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று மாதத்தில் ஓரிரு முறை யாராவது எடுத்தால் உண்டு.

பிள்ளை வந்த மறுநாள் அந்தக் கார் ஸ்ரீரங்கம் போகிறது. அடுத்த நாள் சமயபுரம். மூன்றாம் நாள் ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கோ வேளாங்கண்ணிக்கோ சென்னைக்கோ நான்குவழிச் சாலையில் பறக்கிறது. பதினோரு மாதம் நின்ற வண்டி மூன்று வாரத்தில் ஒரு வருட ஓட்டத்தை ஓடி முடிக்கிறது. கிளம்பும் முன் இன்ஜின் ஆயில் பார்ப்பார்கள், பேட்டரி பார்ப்பார்கள். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, “பட்டன் நல்லாத்தானே இருக்கு, வண்டி எங்கப்பா ஓடியிருக்கு?” என்பார் அப்பா. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி நின்றே கிடந்த டயர்தான் அதிகம் பயப்பட வேண்டிய டயர்.

ரப்பர் ஓடினால் தேயும், நின்றால் முதிரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே வருகின்றன. இதைத் தடுக்க, டயர் செய்யும்போதே ரப்பரில் மெழுகையும் வேறு சில வேதிப்பொருள்களையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு, வளைந்து நிமிரும்போது அவை மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வந்து படலமாகப் படியும். நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு போதிய அளவு கிடைப்பதில்லை. மேல்பட்டனில் ஒரு கீறல்கூட இல்லாமல், பக்கச்சுவரில் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். உள்ளே எஃகு வலையையும் ரப்பரையும் பிணைக்கும் ஒட்டு தளர்வது வெளியே தெரியவே தெரியாது. இதற்கு மேல் திருச்சி வெயில் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே நிழலிலேயே 40 டிகிரி தாண்டும்.

காற்றும் இறங்குகிறது. நல்ல டயரிலேயே மாதம் ஒன்று முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை குறையும். 33 இருக்க வேண்டிய டயரில் ஆறு மாதம் கழித்து 25-தான் இருந்தால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த அழுத்தத்தில் முழுப் பாரத்தோடு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்குகிறது, மடங்க மடங்கச் சூடேறுகிறது. முதிர்ந்த ஒட்டு அந்தச் சூட்டில் விட்டுப்போகும். “திடீர்னு வெடிச்சிடுச்சு” என்று நாம் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் மாதக்கணக்கான கதை இருக்கிறது.

பிரிட்டன் இதை மூன்று உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2012 செப்டம்பரில் வைட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து லிவர்பூலுக்கு இளைஞர்களை ஏற்றிச் சென்ற பேருந்து, சர்ரே பகுதியில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரின் பட்டன் சட்டப்படி போதுமான அளவு இருந்தது. வயதுதான் 19 ஆண்டுகளுக்கு மேல். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2021 பிப்ரவரி 1 முதல் லாரிகளின், பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயர் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

வளைகுடாவில் கார் ஓட்டுகிற திருச்சிக்காரருக்கு இதெல்லாம் புதிதல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐந்து வயது தாண்டிய டயரோடு போனால் வண்டியின் ஆண்டுச் சோதனையில் தேற முடியாது. காலாவதியான டயரோடு சாலையில் பிடிபட்டால் 500 திர்ஹம் அபராதம், நான்கு கரும்புள்ளி, ஒரு வாரம் வண்டி பறிமுதல். சிங்கப்பூரில் மூன்று வயதைக் கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போயாக வேண்டும். பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும். அங்கே டயரைப் பார்ப்பது அரசின் வேலை. ஓட்டுகிறவர் மறந்தாலும் ஆய்வு மையம் மறக்காது.

இங்கே அப்படி யாரும் இல்லை. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை. இடைப்பட்ட காலத்தில் எந்த அதிகாரியும் டயரைக் குனிந்து பார்க்கக் கடமைப்பட்டவர் இல்லை. நம் மோட்டார் வாகன விதிகள் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன, வயதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளிநாட்டுப் பழக்கத்தில், எல்லாம் யாரோ பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு சாவியை வாங்குகிறவர் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்.

கைலாசபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. திருச்சி பெல் ஆலையின் பெயரே உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. ஆய்வாளர் பார்த்துச் சான்று தராமல் ஒரு கொதிகலனை இயக்கக் கூடாது என்று 1923-லேயே இந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஒரு நாள்கூட எரிக்காமல் வைத்திருந்தாலும், காலக்கெடு முடிந்தால் மறு ஆய்வுதான். அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்குகிற கலனை வெளித்தோற்றம் பார்த்து நம்பக் கூடாது என்பது அந்த ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்த அப்பாவுக்குத் தெரியாததா? கார் டயரும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்குகிற கலன்தான்.

வயதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. பக்கச்சுவரில் ‘டாட்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் போதும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். வெளியே காணோம் என்றால் காருக்கு அடியில் டார்ச் அடித்து உட்பக்கம் பார்க்க வேண்டும். மிஷலின், காண்டினென்டல் போன்ற நிறுவனங்கள் எந்த நிலையிலும் பத்து ஆண்டுக்கு மேல் கூடாது என்கின்றன. அதுவும் ஐந்து வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டு வந்தால்தான். நம் வெயிலில், ஷெட்டிலேயே நிற்கும் காருக்கு ஆறு ஆண்டோடு மாற்றிவிடுவதே இக்கட்டுரையின் பரிந்துரை. நான்கு டயர் செலவு பெரிதுதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்துபோகும் விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகையும் அல்ல.

கடையில் கவனிக்க வேண்டியது பிராண்டை விடத் தேதி. ஊருக்குப் புதிதாக வந்தவர், அவசரத்தில் இருப்பவர், பேரம் பேசாதவர் என்று தெரிந்தால் இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த சரக்கை நீட்டுகிற கடைகள் உண்டு. நேர்மையாக, தேதியைத் தாமே காட்டி விற்கிற கடைகளும் உண்டு. “தேதி பார்த்துட்டு மாட்டுங்க” என்று சொன்னதும் கடைக்காரர் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பழைய சரக்கை வாங்க வேண்டிய அவசியம் திருச்சிக்காரருக்கு இல்லவே இல்லை. சென்னை போகும் வழியில் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலேயே எம்ஆர்எஃப் ஆலை இருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே. ஆறு மாதத்துக்குள் செய்த டயர் வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

அளவிலும் ஏமாறக் கூடாது. 185/65 ஆர்15 88ஹெச் என்று காரில் இருந்தால் கடைசியிலுள்ள 88-உம் ஹெச்-உம் அலங்காரத்துக்கு இல்லை. அந்த டயர் ஒன்று 560 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும் என்று பொருள். “சைஸ் அதேதான் சார்” என்று அதைவிடக் குறைந்த எண்ணுள்ளதை மாட்டினால் மறுக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பில்லில் ஒவ்வொரு டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்கினால்தான் பிறகு வாரண்டி கேட்க முடியும். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவை பின்னால். முன்சக்கர இழுவைக் காருக்கும் அதுதான் சரி. மழையில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் திருத்த முடியாது. செகண்ட் ஹேண்ட் டயர் எந்த விலைக்கும் வேண்டாம்.

காற்றில் ஒரு சிறு குழப்பம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நேர்கிறது. சிங்கப்பூரில் 230 கிலோபாஸ்கல் என்றும், வேறு ஊர்களில் 2.3 பார் என்றும் பழகியவருக்கு இங்கே பங்கில் பையன் “எவ்ளோ சார்?” என்று கேட்கும்போது 33 என்று சொல்லத் தெரிய வேண்டும். மூன்றும் ஒன்றுதான். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. டயர்மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு அல்ல. பல கார்களில் ஐந்து பேர் ஏறினால் வேறு அளவு என்று அதே தாளில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். மதியம் விராலிமலை தாண்டி நிறுத்தி, 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது பெரிய தவறு. சூட்டில் நான்கு பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. நைட்ரஜன் அடித்தால் கவலையில்லை என்பதும் மிகை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ஸ்டெப்னியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காரோடு வந்த அதே டயர், அதே வயது, பாதிக் காற்று. 2020 அக்டோபர் முதல், டியூப்லெஸ் டயரும் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்தக் கிட்டிலுள்ள பசைக்கும் காலாவதித் தேதி உண்டு.

பொறுப்பு யாருடையது என்பதில் நீதிமன்றம் தெளிவாக இருக்கிறது. புனேயிலிருந்து மும்பை சென்ற கார் ஒன்று 2010-இல் பின் டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். டயர் வெடிப்பது தெய்வச் செயல், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிக வேகம், குறைந்த காற்று, கூடுதல் காற்று, செகண்ட் ஹேண்ட் டயர், வெப்பம் என்று காரணங்களை அடுக்கி, பயணத்துக்கு முன் டயரைப் பார்ப்பது ஓட்டுகிறவரின் அல்லது உரிமையாளரின் கடமை என்றது. சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு உறுதியானது.

கடமையை நினைவூட்ட அரசுக்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்கள் ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சான்றுக்கு வந்தாக வேண்டும். அங்கேயே நான்கு டயரின் தேதியையும் பட்டன் ஆழத்தையும் சான்றில் பதியச் சொல்லலாம். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். மகாராஷ்டிரத்தில் நாக்பூர்–மும்பை சம்ருத்தி விரைவுச் சாலையில் விபத்துகள் பெருகியபோது, 2023-இல் போக்குவரத்துத் துறை நுழைவாயிலிலேயே டயரைச் சோதித்து, தேய்ந்த டயர் வண்டிகளைத் திருப்பி அனுப்பியது. தமிழ்நாடு அரசு டிசம்பர், மே மாதங்களில் சமயபுரம் சுங்கச்சாவடி போன்ற இடங்களில் இதைச் செய்யலாம். அபராதம் போட வேண்டாம், தேதியைப் படித்துச் சொன்னால் போதும்.

அரசாணைக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. டிக்கெட் போட்டதும் அப்பாவிடமோ, பக்கத்து வீட்டுத் தம்பியிடமோ, காரை எடுக்கும் ஓட்டுநரிடமோ கேட்டு, ஐந்து டயரின் நான்கு இலக்கத்தையும் வாட்ஸ்அப்பில் படமாக வாங்கிவிடலாம். மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே கடையில் சொல்லிவைத்தால்தான் அந்த அளவில், அண்மைத் தேதியில் டயர் வந்து சேரும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் தொடங்கிவிட்டால் திருச்சியில் மெக்கானிக் கிடைப்பதும் கடினம்.