திருவாசகத்திற்குத் தீட்டு உண்டோ?

திருமுறையை ஓதுதல் வேண்டும். மேலைநாட்டுப் பல்லியத்தில் ஏற்றிப் பாடுதல் அதன் தூய்மையைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். இளையராஜாவின் திருவாசக இசைப்பேழை 2005ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் சென்னையில் வெளிவந்தபோது எழுந்த இக்குரல் இன்னும் ஓயவில்லை. மலாக்காவில், புக்கிட் பெருவாங்கிலும் அதனை அடுத்த தோட்டப்புறங்களிலும் மார்கழி விடியலில் திருவெம்பாவை ஓதும் அன்பர்களிடையேயும் இதனைக் கேட்கலாம். பற்றினால் எழும் குரலே அது. எனினும் பற்று மட்டும் சான்றாகிவிடாது.

தூய்மை என்று இவர்கள் குறிப்பது எதனை? கோயில் பசனையில் ஒலிக்கும் ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்தது. வயலின், பாலுசாமி தீட்சிதர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தென்னாட்டு இசைமேடை ஏறியது. ஒருவர் மீட்டினால் தூயதாயிருக்கும் அக்கருவி, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் பலர் கூடி மீட்டியவுடன் தீட்டாகிவிடுமோ?

பலர் கூடிப் பாடுதல் அயலார் வழக்கம் என்பாரும் உளர். அவர்கள் திருவாசகத்தை மனனம் செய்தவராயிருக்கலாம், செவியால் கேட்டவரல்லர். திருவெம்பாவையில் தோழியர் ஒருவரையொருவர் துயிலெழுப்புகின்றனர். திருப்பொற்சுண்ணத்தில் மகளிர் கூடி நறுஞ்சுண்ணம் இடிக்கின்றனர். உலக்கையின் வீழ்ச்சியே அங்குத் தாளம். அம்மானையும் சாழலும் ஊசலும் தனியொருவர் ஆடுபவையல்ல. மணிவாசகர் வீட்டு முற்றத்தினின்றும் விளையாட்டிடத்தினின்றும் எடுத்த பன்மைக் குரலை நாம்தான் ஒற்றைக் குரலாக்கி, ஒப்புவித்தல் போட்டிக்கு அனுப்பி வைத்தோம். இளையராஜா தேர்ந்த ஆறு பகுதிகளுள் திருப்பொற்சுண்ணமும் ஒன்று என்பது தற்செயலன்று.

இலத்தீன் மொழியின் நிலையை ஒப்பு நோக்குக. மலாக்காவில் 1710இல் எழுந்த புனித பேதுரு ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழி வழிபாட்டிற்கு வழிவிடும்வரை கத்தோலிக்கர் பூசைமொழி இலத்தீனே. அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவார் எவருமிலர். ஆயினும், சமயத்தை ஒடுக்கிய சோவியத் நாட்டில், ஆல்பிரட் சினிட்கே என்னும் இசையமைப்பாளர், 1972இல் மறைந்த தம் அன்னையின் நினைவாக, இறந்தோர்க்கான இலத்தீன் வழிபாட்டுரைக்குச் சேர்ந்திசை அமைத்தார். 1975இல் அது நிறைவுற்றது. சமயப் படைப்பாக வெளிப்பட வழியின்மையின், சில்லரின் ‘டான் கார்லோசு’ நாடகத்தின் பின்னணி இசையாகவே மேடை கண்டது. குழுப்பாடகரோடு மின் கித்தாரும் அதில் ஒலிக்கிறது. பழஞ்சொல் அதனால் மாசுபட்டதா? அரசின் அச்சுறுத்தலுக்கிடையில் ஒரு மகனின் துயரைத் தாங்கி நின்றது.

பேசுவாரற்ற மொழிக்கே அத்துணைத் தாங்குதிறன் உண்டெனில், நாள்தோறும் பேசப்படும் தமிழை மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது அதற்குச் செய்யும் சிறப்போ?

இளையராஜாவின் படைப்பில் குறையே இல்லை என்பதன்று. சிவபுராண வரிகளை எடுத்துக்கொண்ட நெடிய பகுதியில் அமெரிக்கரான சுடீபன் சுவார்ட்சின் ஆங்கில வரிகள் இடையிடையே புகுகின்றன. அயலார்க்கு விளங்கவேண்டும் என்னும் நோக்கம் புரிகிறது. அதன்பொருட்டு பாட்டை அறுப்பானேன்? இலத்தீன் விளங்காத உருசிய மக்களுக்காகச் சினிட்கே இடையில் உருசிய வரிகளைப் புகுத்தவில்லை. போப்பையர் 1900இலேயே திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். தமிழ் மூலத்தை அவர் வெட்டினாரல்லர். மறுப்போர் கைவைக்க வேண்டிய இடம் இதுவே. அவர்களோ வயலினை வைதுகொண்டு இதனைக் கடந்துபோகின்றனர்.

திருப்பொற்சுண்ணத்தைப் பாட புடாபெஸ்ட் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவரை இரு வரிசையாக நிறுத்தி, ஒரு வரிசை பாட மறுவரிசை ஏற்றுப் பாடச் செய்தால் போதும். உலக்கைக்கு மேசையைத் தட்டலாம்.