வெளியே கடல்!

கல்யாணமாகாதவன் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்ப்பதற்கும், கல்யாணமானவன் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு சார். ரெண்டு விதமாகவும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா பீச்சில் ஒரு நிஜ நீர்மூழ்கி படுத்திருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. 1969-ல் சோவியத் யூனியனிலிருந்து நம் கடற்படைக்கு வந்து, 1971 யுத்தத்தில் ரோந்து சுற்றி, 31 வருஷம் உழைத்து, 2001-ல் ரிடையர் ஆனது. பி.எஃப்., கிராஜுவிட்டி எதுவும் கிடையாது. கரைக்கு இழுத்து வந்து 2002-ல் மியூசியமாக்கிவிட்டார்கள்.

2004-ல் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் கல்யாணத்துக்குப் போனபோது முதல் தடவை பார்த்தேன். ஐந்து பிரம்மச்சாரிகள். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வர பத்தே நிமிஷம். டார்பிடோ பக்கத்தில் ஒரு போட்டோ. "மச்சி, நம்ம மேன்ஷன் ரூமே தேவலைடா!" என்று ஒரு ஜோக். அவ்வளவுதான்.

போன மாதம் மறுபடி போனேன். கூடவே மனைவி, ஏழு வயசுப் பையன், அம்மா.

அம்மாவை அழைத்துப் போனதில் ஒரு உள்நோக்கம் இருந்தது. எங்களுடையது ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட். ஒரே பாத்ரூம். காலை ஏழரை மணிக்கு அதன் வாசலில் ரேஷன் கடை க்யூ தோற்றுவிடும். "அம்மா கொஞ்ச நாள் திருச்சியில அண்ணன்கிட்ட இருக்கட்டுமே" என்று ஆரம்பித்தவன் நான்தான். மனைவி வாயைத் திறக்கவில்லை. அம்மா "சரிடா" என்றாள். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தை ராத்திரியெல்லாம் உறுத்த, திருச்சிக்கு முன்னால் ஒரு டூர் என்று கிளம்பினோம். லஞ்சம்தான், வேறென்ன? திருச்சி டிக்கெட் என் பர்ஸில் பத்திரமாக இருந்தது.

மற்ற மியூசியங்களில் 'தொடாதீர்கள்' என்று போர்டு வைப்பார்கள். இங்கே நாம் தொடாவிட்டாலும் அது நம்மைத் தொடும், நெற்றியில்! ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குனிந்து, காலைத் தூக்கி நுழைய வேண்டும். நான் ரெண்டு தடவை இடித்துக்கொண்டேன். மூட்டுவலிக்கார அம்மாவோ மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு சுலபமாகத் தாண்டிவிட்டாள்.

சுற்றிக் காட்டினவர் ஒரு ரிடையர்ட் கடற்படைக்காரர். பையன் ஒவ்வொரு வால்வையும் காட்டி "இது என்ன அங்கிள்?" என்று துளைத்தும் மனுஷர் முகம் சுளிக்கவில்லை. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். அதனால் தண்ணீருக்கடியில் பாட்டரியில்தான் ஓட வேண்டும். மறுபடி மேலே வந்து எஞ்சினை ஓட்டி சார்ஜ் செய்துகொள்ள வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். மொத்த நீளம் 91 மீட்டர். எஞ்சின், பாட்டரி, டார்பிடோ எல்லாம் போக மிச்ச இடத்தில் 75 பேர்! ஒருத்தர் டூட்டிக்கு எழுந்து போனால், அதே படுக்கையில் இன்னொருத்தர். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளியல் என்பது கனவு.

"குளிக்கவே வேணாமா? அப்பா, நான் நேவில சேர்றேன்!" என்றான் பையன்.

சமையலறையை எட்டிப் பார்த்த அம்மா, "இந்த இத்தனூண்டு இடத்துலயா அத்தனை பேருக்கு சமைச்சாங்க?" என்றாள்.

"நம்ம கிச்சன் எவ்வளவோ மேல் அத்தை" என்றாள் மனைவி. ரெண்டு வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் முழு வாக்கியம்.

அம்மா கைடு பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, இத்தனை பேர் இப்படி அடைஞ்சு கிடந்தா சண்டை வராதா?"

தமிழ்க்காரர்களோடு வேலை பார்த்த பழக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "சண்டை வரும்மா. நிறைய வரும். ஆனா வெளியே போன்னு சொல்ல முடியாது. வெளியே கடல்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் பர்ஸ் கனத்தது. இந்தத் தடவை தலையை இடித்துக்கொள்ளாமலே வலித்தது சார்.

வெளியே வந்ததும் பையன் எதிர்ப்பக்கம் ஓடினான். 2017-ல் ரிடையரான டியூ-142 விமானத்தை அங்கே மியூசியமாக நிறுத்தியிருக்கிறார்கள். நான் முதல் தடவை போனபோது அது இல்லை. அம்மா மணலில் உட்கார்ந்து முரி மிக்ஸரைக் கொறித்துக்கொண்டே, "திருச்சிக்கு என்னிக்குடா டிக்கெட்?" என்றாள், கடலைப் பார்த்தபடி.

நான் பதில் சொல்வதற்குள் மனைவி, "அதை கேன்சல் பண்ணிடுங்க. ஏழரைக்கு பாத்ரூம் எனக்கு, ஏழுக்கு உங்களுக்கு. அத்தைதான் அஞ்சுக்கே எழுந்துடறாங்களே!" என்றாள். இத்தனை நாள் அந்த க்யூவில் தகராறு செய்தது யார் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

கேன்சலேஷனில் கொஞ்சம் பணம் போச்சு. போகட்டும். ஹாலில் இப்போது ஒரு அடுக்குக் கட்டில் வந்திருக்கிறது. மேலே பையன், கீழே அம்மா. ராத்திரி கதை கேட்கிற சாக்கில் பையன் கீழே இறங்கிவிட்டால், மேல் பர்த்தில் என் டூட்டி.

சீலிங்கில் தலை இடிக்கிறது. பரவாயில்லை, பழகிவிட்டது!